உப்புப் பேண்டு கேட்ட காதுகள்

கொண்டல் காற்று எழும்பி உப்பள வாசத்தைத் தூத்துக்குடிக்குள் கொண்டுவந்து சேர்க்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பூசையில் சாமியார் பிரசங்கத்தை முடித்ததும் எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக இருந்த நேரத்தில், துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற சில்வெஸ்டரின் இடது காதிலிருந்து டிரம் அடிக்கிற சத்தம் வெளியே வந்தது. யாரோ செல்போனை அணைக்கவில்லை என்று பக்கத்திலிருந்தவர்கள் முறைத்தார்கள். சில்வெஸ்டர் சட்டைப்பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார், கடைசியில் கையால் காதைப் பொத்தினார், சத்தம் நின்றது, கையை எடுத்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சற்றுத் தள்ளி முட்டுக்கால் போட்டிருந்த பரோட்டாக் கடைக்காரரின் வலது காதிலிருந்து ஒரு கிதார் புறப்பட்டு அந்த டிரம்மோடு போய்ச் சேர்ந்துகொண்டது. "ஏ, இது காசிம் அடில்லா!" என்று பின் பெஞ்சில் யாரோ சத்தமாகவே சொன்னார்கள். சாமியார் வெளியூர்க்காரர், காசிம் யாரென்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் நல்ல அடி என்று தோன்றியதால் கொஞ்சம் பொறுத்துத்தான் ஜெபிக்கச் சொன்னார்.

அடுத்து காணிக்கைப் பாட்டு. எப்போதும்போல ஆர்கனுக்கு அரை வரி முன்னாலேயே எர்மலினின் குரல் கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற எர்மலினுக்கு அறுபது தாண்டிவிட்டது, ஆனால் இந்த ஒரு வழக்கம் மாறவில்லை. சின்ன வயதில் பாடகர் குழுவில் சேர்த்துப் பார்த்து, ஒரு மாதத்திலேயே பாட்டு வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குரலில் குறையில்லை, பொறுமைதான் இல்லை. அடுத்த வரி தெரிந்துவிட்டால் அதை வாய்க்குள் வைத்திருக்க அவளால் முடியாது. ஊரும் பழகிக்கொண்டது, எர்மலின் முடித்துவிட்டால் நாமும் முடிக்கப்போகிறோம் என்று அர்த்தம் என்று வைத்துக்கொண்டது. அன்றைக்கு மட்டும் அவள் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த டிரம் எந்தப் பாட்டின் தொடக்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஊரில் நாலு பையன்கள் ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த ஒரு சமையல்காரர், துறைமுகத்துக்கு வெளியே சாப்பிட்ட நண்டுக் குழம்புக்கு நன்றியாகத் தன் இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனாராம். இரண்டு கிதார்கள் வாய்ச்சண்டை போடுகிற மாதிரி ஒன்றையொன்று துரத்துகிற, முடியப்போவதாகப் பாவனை காட்டிவிட்டு முடியாமலே போகிற அந்தப் பாட்டுகளைத் தேயத் தேயக் கேட்ட பையன்கள், எல்லா நாட்டுக்கும் ஒரு தெற்கு இருக்கிறது, எல்லாத் தெற்கிலும் வெயிலும் புழுதியும் வடக்கின்மேல் ஒரு கடுப்பும் இருக்கிறது, அப்புறம் இது நம்ம பாட்டு இல்லாமல் வேறென்ன என்று முடிவுகட்டி, 'சதர்ன் சால்ட்' என்று பெயர் வைத்துத் தமிழிலேயே பாட ஆரம்பித்தார்கள். ஊர் அதை உப்புப் பேண்டு என்றது. காசிம் டிரம், முன்னால் நின்று கிதாரோடு பாடுகிறவன் ரோலண்ட் டிவோட்டா. யாராவது டேப் ரெக்கார்டரோடு வந்தால் ரோலண்ட் மேடையிலிருந்து இறங்கி வந்து அதைப் பிடுங்கி, மரியாதையாகத் துண்டில் சுற்றி, நிகழ்ச்சி முடிந்ததும்தான் திருப்பிக் கொடுப்பான். பாட்டு வேணும்னா காதை எடுத்துட்டு வாங்க என்பான். அதனால் உப்புப் பேண்டின் பாட்டு ஒரு விரற்கடை நாடாவில்கூடப் பதிவாகவில்லை.

கிட்டங்கி மைதானத்தில் அவர்கள் வாசித்த கடைசி நிகழ்ச்சிக்குப் பிறகு ஒருவன் வளைகுடாவுக்கும் ஒருவன் பம்பாய்க்கும் போனார்கள், ரோலண்ட் கப்பலில் ஏறினான், காசிம் இங்கேயே இருந்து இங்கேயே மௌத்தானான். மிஞ்சியது ஞாபகம்தான், அதுவும் ஆளுக்கொன்று. ரோலண்ட் போட்டிருந்தது சிவப்புச் சட்டை என்று ஒரு கட்சி, மஞ்சள் என்று ஒரு கட்சி; கடைசிப் பாட்டு அரை மணி நேரம் என்பார் ஒருவர், எங்கேயா அரை மணி, நான் தாலி கட்டின ஒன்றரை மணி முகூர்த்தமே அதுக்குள்ள முடிஞ்சிருக்கும் என்பார் இன்னொருவர். வருஷம் ஏற ஏற அன்றைக்கு வந்திருந்தவர்களின் எண்ணிக்கையும் ஏறியது. அத்தனை பேரும் உண்மையிலேயே வந்திருந்தால் பாதிப் பேர் கடலுக்குள் நின்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது காதுகள் பேச ஆரம்பித்துவிட்டன. கொண்டல் எழும்புகிற சாயங்கால வேளையில், வாயை மூடிச் சும்மா இருந்தால், அன்றைக்கு அங்கே நின்றவரின் காதிலிருந்து அன்றைக்கு அந்தக் காது கேட்டது வெளியே வரும். டிரம் பக்கம் நின்றவருக்கு டிரம், ஸ்பீக்கர் பக்கம் நின்றவருக்கு ரோலண்ட் குரல். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், அழுக்குத்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டதும் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது, டாக்டர் அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இரண்டாவது பாட்டையும் கேட்டார். ஒரு வாரத்தில் ஊர் இதற்கும் ஒரு வழி பண்ணிக்கொண்டது. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் காதோடு காது வைத்துப் படுத்துக்கொண்டார்கள். மக்ரூன் கடையில் நல்ல கிதார்க் காதுக்காரர் ஒருவரைக் கல்லாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், அவருக்கு வேலை பேசாமல் இருப்பது மட்டும்தான், அதுவே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. நாற்பது வருஷமாகப் பேசாத இரண்டு பங்காளிகளில் ஒருவருக்குப் பாட்டின் முன்பாதியும் மற்றவருக்குப் பின்பாதியும் இருந்ததால் வேறு வழியில்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இறப்பு வீட்டில் மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவது என்று ஒரு மரியாதை உண்டாயிற்று.

பஞ்சு வேறு விதமாகவும் பயன்பட்டது. மேடையில் மைக் வயரைப் பிடித்தவனே நான்தான் என்று சொல்லித் திரிந்த ஒரு முன்னாள் கவுன்சிலரின் காதுகள் கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தன. அவர் இரண்டிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, "சத்தம் தாங்க முடியலப்பா" என்று நெற்றியைத் தேய்த்தபடி நடந்தார். அதைப் பார்த்துப் பாதி ஊர் பஞ்சோடு திரிந்தது, எந்தப் பஞ்சுக்குப் பின்னால் பாட்டு இருக்கிறது, எதற்குப் பின்னால் பொய் இருக்கிறது என்று தெரியாமல் போயிற்று.

எர்மலின் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. அவள் தினமும் சாயங்காலம் தையல் மிஷினை நிறுத்தி, மின்விசிறியை நிறுத்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

துணி கொடுக்க வருகிற அத்தனை பேருக்கும் அவள் அந்தக் கதையைச் சொல்லியிருந்தாள். பத்தொன்பது வயதில், உப்புப் பேண்டு கிட்டங்கி மைதானத்தில் வாசிக்கிற அன்று, இவள் போய்விடுவாள் என்று பயந்து அம்மா அறையில் வைத்துப் பூட்டினாள். வயசுக்கு வந்த பொம்பளைப் பிள்ளைகள் அந்தக் கூட்டத்துக்குப் போகிற காலமில்லை அது. எர்மலின், தன் அண்ணன் அல்போன்ஸின் சட்டையைப் போட்டு, அவனுடைய தொப்பிக்குள் சடையைச் சுருட்டி வைத்து, ஜன்னல் வழியாகக் கோழிக்கூட்டின்மேல் குதித்து, சுவரேறிப் போய், முன்வரிசையில் ரோலண்டின் காலடியில் நின்றாள். முடிந்ததும் வந்த வழியே திரும்பினாள், அம்மா பூட்டைத் திறந்தபோது சட்டையெல்லாம் மடித்து வைத்தாயிற்று. அம்மா இருந்தவரை வாயைத் திறக்கவில்லை, அம்மா போன பிறகு நிறுத்தவில்லை. பையன் வேஷத்தில் போனதால் பார்த்ததாகச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, புருஷன் சீக்கிரமே விட்டுவிட்டுப் போனான், அவள் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து அடுத்தவர் பிள்ளைகளுக்குக் காக்கி நிக்கரும் நீலப் பாவாடையும் தைத்தாள். மற்றதெல்லாம் யாரோ சொல்லி நடந்தது. அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான் அவளாகக் குதித்துப் போய் எடுத்துக்கொண்டது. அதுவும் இல்லையென்றால் தன்னிடம் என்ன இருக்கிறது?

"ஏட்டி, சாப்பிட வா. காதைத் தீட்டிக்கிட்டு எத்தனை நாள் இருப்ப?" என்றாள் ரெஜினா. அல்போன்ஸின் மனைவி, எர்மலினுக்கு மைனி. அண்ணன் காலமான பிறகு வீட்டில் இந்த இருவர்தான்.

"வரும் மைனி. எனக்குக் கொஞ்சம் லேட்டா வருமா இருக்கும்."

"உனக்கு எதுட்டி லேட்டா வந்திருக்கு? எல்லாத்துக்கும் முந்திரிக்கொட்டையா முந்துறவதான." சொல்லிவிட்டு ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். "நான் அப்ப கல்யாணம் ஆகாம பக்கத்து வீட்டுலதான இருந்தேன். உங்கம்மா பூட்டுனதைப் பாத்தேன், தொறந்ததையும் பாத்தேன். நீ உள்ளதான் இருந்த. ஆசைல நெனச்சு நெனச்சு அது நடந்த மாதிரியே ஆயிருக்கும். அதுல தப்பொண்ணும் இல்லட்டி."

அந்தக் கடைசி வார்த்தைதான் எர்மலினைச் சுட்டது. பொய்க்காரி என்று திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

மறுநாள் சாயங்காலம் ரவிக்கைக்கு அளவெடுக்க ஒருத்தி வந்தாள், அன்றைக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்ட குழந்தையாம், இப்போது அவளே பாட்டி. கழுத்தளவுக்கு டேப்பைச் சுற்றும்போது அவள் காதிலிருந்து ரோலண்டின் குரல் வந்தது. எர்மலினின் விரல்கள் அப்படியே நின்றன. "இப்ப இருமுவாரு பாரு," என்றாள். காதுக்குள்ளிருந்து ரோலண்ட் இருமினான். "இப்ப 'தண்ணி குடுங்கலே'ன்னு கேப்பாரு." கேட்டான். எர்மலின் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், அப்ப நீங்க அங்க இருந்திருக்கீங்கக்கா என்று ஒரு வார்த்தை வருமா என்று.

"ஊர்ல எல்லார் காதுலயும் இதானக்கா ஓடுது, மனப்பாடம் ஆகாம என்ன செய்யும்," என்றாள் அவள். "கை கொஞ்சம் லூசா வைங்கக்கா."

அந்த வாரம் சில்வெஸ்டர் ஒரு காரியத்தில் இறங்கினார். ஆயுசு முழுக்கக் கப்பலின் வயிற்றுக்குள் எந்தச் சரக்கு எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்தவர் அவர். ஒரு மூட்டை இடம் மாறினால் கப்பல் சாயும் என்று நம்புகிறவர். சிதறிக் கிடக்கிற இந்தக் காதுகளை எல்லாம் அன்று நின்ற அதே இடத்தில் நிறுத்தினால் நிகழ்ச்சி முழுதாகத் திரும்பி வரும் என்று அவருக்குத் தோன்றியது. கிட்டங்கி மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்தார். வீடு வீடாகப் போய், பஞ்சை எடுக்கச் சொல்லி, காதோடு காது வைத்து, கிதார் எந்தப் பக்கம் கனமாகக் கேட்கிறது, டிரம் எவ்வளவு தூரம் என்று சோதித்து, ஆளுக்கொரு இடம் சொன்னார். கவுன்சிலர் ஊரில் இல்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். உள்ளே அவர் தும்முகிற சத்தம் கேட்டது.

எர்மலினின் காதோரம் சில்வெஸ்டர் வெகுநேரம் குனிந்து நின்றார். இந்தக் காது, அந்தக் காது, மறுபடி இந்தக் காது. எர்மலின் மூச்சுகூட விடவில்லை.

"எக்கா," என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "அன்னைக்கு ஆளுக்கு டீ குடுக்கணும். உங்க கை டீ மாதிரி வராது. சுவரோரமா ஒரு மேசை போட்டுத்தாரேன்."

"முன்வரிசைல நடுவுல நின்னேன் சில்வெஸ்டர். ரோலண்ட் அண்ணன் காலு மேடையைத் தட்டுறது என் தாடைக்குத் தெரிஞ்சது."

"சரிக்கா. இருக்கும்க்கா." அவர் போய்விட்டார். முன்வரிசை நடுவில் வேறு ஆளுக்குச் சுண்ணாம்பு வட்டம் விழுந்தது.

ரோலண்ட் டிவோட்டா ஊரில்தான் இருந்தார். கப்பல் வேலையெல்லாம் முடிந்து, பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அந்த வழியாகத்தான். பேச்சு இல்லை. ஆமாம் என்றால் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. அந்தத் துளையை மூடித் தொங்குகிற மெல்லிய வெள்ளைத் துணிகளைத் தைத்துக் கொடுப்பது எர்மலின்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்தது கழுத்தை அறுக்கிறது என்று கேள்விப்பட்டு, பழைய மல் வேட்டியைக் கத்தரித்து, தையல் உள்ளே உறுத்தாமல் மடித்துத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள், அதற்கப்புறம் மாதாமாதம் கொடுத்துவருகிறாள்.

காதுகள் பேச ஆரம்பித்ததும் ஊர் அவர் வீட்டுக்குத்தான் ஓடியது. உங்க குரல் எங்ககிட்ட இருக்குண்ணே, கேளுங்க என்று மாடிப்படியில் வரிசையாகக் காதைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்திருந்தார். சில்வெஸ்டர் வந்து அழைத்தபோது உள்ளேயிருந்து இரண்டு தட்டு. அவரும் நம்மளப் போல வறண்ட காதுதானோ என்று கவுன்சிலர் தன் வீட்டுக்குள் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டாராம்.

ஒரு நாள் காலையில் எர்மலின் போனபோது கதவு திறந்தது. துணிகளைக் கட்டில்மேல் அடுக்கிவைத்தாள். போய்விடத்தான் நினைத்தாள், ஆனால் அவளுக்குத்தான் பொறுமை கிடையாதே.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்." அவர் ஒரு காதுப் பஞ்சைக் கொஞ்சம் விலக்கினார். "கிட்டங்கி மைதானத்துல, கடைசிப் பாட்டு. உங்க காலுக்கு நேர் கீழ நான் நின்னேன். என்னைப் பாத்த ஞாபகம் இருக்கா?"

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். மாதாமாதம் துணி கொண்டுவருகிறவளிடம் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்திருப்பார். தடி இரண்டு முறை தட்டியது.

எர்மலின் தலையாட்டினாள். நியாயம்தானே, அவர் பார்த்திருந்தால் தொப்பி வைத்த ஒரு பையனைத்தான் பார்த்திருப்பார். ஆனாலும் மாடிப்படி இறங்குவதற்குள் கண் நிறைந்துவிட்டது. பாதிப் படியில் நின்று துடைத்துக்கொண்டாள், பிறகு திரும்பி மேலே ஏறினாள்.

"நான் அங்க இருந்தேனோ இல்லையோ, அது கெடக்கட்டும்," என்றாள். "ஊர் முழுக்க உங்க குரல் இருக்கு. சின்னப்பிள்ளைங்க கூடக் கேக்குது. நீங்க ஒருத்தர்தான் கேக்காம இருக்கீங்க. எனக்கு அப்படி ஒண்ணு இருந்து, அதை ஒருத்தர் தாரேன்னு சொன்னா, நான் செருப்புப் போடாமக்கூட ஓடுவேண்ணே. ஞாயித்துக்கிழமை ஆட்டோ கூட்டிட்டு வாரேன்."

அவர் தட்டவில்லை. ஒன்றும் தட்டவில்லை, இரண்டும் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வந்தபோது, இஸ்திரி போட்ட மஞ்சள் சட்டையோடு கீழே நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்த ஆட்டோக்காரர், சிவப்புக் கட்சியைச் சேர்ந்தவர், வழியெல்லாம் பேசவில்லை.

மைதானத்தில் எல்லாரும் அவரவர் வட்டத்தில் நின்றார்கள். மூச்சு வாங்குகிறவர்களுக்கு நாற்காலி. செத்துப்போனவர்களின் வட்டங்களைச் சில்வெஸ்டர் காலியாகவே விட்டிருந்தார், சிலதில் யாரோ பூ வைத்திருந்தார்கள். மேடை இருந்த இடத்தில் சரக்கு இறக்குகிற மரப்பலகைகளை அடுக்கியிருந்தார்கள், ரோலண்ட் அதன்மேல் ஏறி நின்றார், பஞ்சை எடுக்கவில்லை. எர்மலின் சுவரோரம் டீ அண்டாவுக்குப் பின்னால் நின்றாள், ரெஜினா தம்ளர் கழுவினாள். கொண்டல் எழும்பியது. ஊர் வாயை மூடியது.

முதலில் டிரம். பிறகு இடப்பக்கத்துக் காதுகளிலிருந்து ஒரு கிதார், வலப்பக்கத்துக் காதுகளிலிருந்து அதைத் துரத்துகிற இன்னொரு கிதார், பிறகு நடுவிலிருந்து ரோலண்ட் டிவோட்டாவின் இருபத்துநாலு வயதுக் குரல், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்காக அவன் கட்டிய பாட்டு:

உப்புல வெளஞ்ச சூரியனே
ஒரு நாளு லீவு எடுத்துக்கோ
நாளைக்கு நாங்க காயுதோம்
நீ நெழல்ல இருந்துக்கோ

பலகைமேல் நின்ற கிழவரின் உதடுகள் அசைந்தன. பஞ்சைத் தாண்டியும் அந்தச் சத்தம் உள்ளே போயிருக்க வேண்டும். கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. அழுகிறவர்களுக்குத்தான் மூச்சு அப்படி வரும்.

எல்லாம் இருந்தது, ஆனாலும் என்னவோ இல்லை. ஆளில்லாத கொட்டகையில் ஒத்திகை பார்க்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது பாட்டு முடிந்தபோது சில்வெஸ்டருக்குப் பிடிபட்டது. "கூட்டத்தைக் காணோமேப்பா," என்றார். உண்மைதான். வந்தவர்கள் எல்லாரும் பேண்டைக் கேட்க வந்தவர்கள், அவர்களுடைய காதுகள் தாங்கள் ஆசைப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டன. பக்கத்தில் நின்று கத்தியவனின் சத்தத்தை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்?

கடைசிப் பாட்டாக அந்த உப்பளப் பாட்டே மறுபடி தொடங்கும் நேரம், ரோலண்ட் டிவோட்டா கையை உயர்த்திக் காதிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார்.

அன்றைய கூட்டம் அவ்வளவும் அங்கேதான் இருந்தது. விசில், கைதட்டல், உப்பளத்திலிருந்து கொண்டுவந்த தகரத்தை அடிக்கிற சத்தம், "இன்னொண்ணு! அண்ணே இன்னொண்ணு!" என்கிற கத்தல், எல்லாம் அந்த இரண்டு காதுகளிலிருந்தும் கொட்டியது; இந்த மாதமெல்லாம் சாயங்காலமானால் ஊரே உள்ளிருந்து பாடு பாடு என்று கூப்பிட, பாடக் குரலில்லாமல் அந்த மனுஷன் தனியாக உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. அந்தக் கூட்டத்துக்கெல்லாம் முன்னால், மிகப் பக்கத்தில், அவர் காலடியிலிருந்து வருகிறதுபோல, ஒரு பெண்ணின் குரல். கூட்டம் முழுக்க ஆண்கள், அதில் ஒரே ஒரு பெண், அடிவயிற்றிலிருந்து பாடுகிறாள். ரோலண்ட் 'ஒரு நாளு லீவு' என்று இழுக்கும்போதே அவள் 'நாளைக்கு நாங்க' என்று கிளம்பிவிடுகிறாள். ஒவ்வொரு முறையும். அரை வரி முன்னால்.

மைதானத்தில் தலைகள் ஒவ்வொன்றாகச் சுவர்ப்பக்கம் திரும்பின. யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கேட்ட குரல் அது, கொஞ்சம் இளசாக இருந்தது, அவ்வளவுதான். நின்ற நேரமெல்லாம் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே இருந்தவளின் காதில் எதுவும் எப்படித் தங்கியிருக்கும், எல்லாம் வாய் வழியாகவே வெளியே போயிருக்கும்!

ரெஜினாவின் கையிலிருந்த தம்ளர் தண்ணீருக்குள் விழுந்தது. "ஏ பாவி," என்றாள். "அந்தக் கோழிக்கூடு ஒடஞ்சதுக்கு எங்க வீட்டு நாயை அடிச்சாங்கட்டி." பிறகு ஈரக்கையாலேயே எர்மலினின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "போட்டி. நான் டீ ஊத்துதேன். போ."

எர்மலின் போனாள். கூட்டம் வழிவிட்டது. முன்வரிசை நடுவட்டத்தில் நின்றவர் தள்ளிக்கொண்டார், சில்வெஸ்டர் தலையைக் குனிந்தபடி செருப்பால் அவருடைய வட்டத்தைத் தேய்த்து அழித்தார். பலகைக்குக் கீழே, ரோலண்டின் கால்களுக்கு நேராக, பலகை தாடையைத் தொடுகிற மாதிரி, அவள் நின்றாள். இரண்டு கிதார்களும் ஒன்றையொன்று துரத்தி ஓய்ந்து, முடியப்போவதாகப் பாவனை காட்டி, மறுபடி எழும்பின. இளம் ரோலண்ட் ஊரின் காதுகளிலிருந்து 'ஒரு நாளு' என்று தொடங்கினான். கிழவரின் காதிலிருந்து அந்தப் பெண் முந்திக்கொண்டாள், அவளோடு சேர்ந்து, அதே நொடியில், அறுபது தாண்டிய எர்மலினும் வாயைத் திறந்தாள். "நாளைக்கு நாங்க காயுதோம், நீ நெழல்ல இருந்துக்கோ." கரகரத்த ஒன்றும் கணீரென்ற ஒன்றுமாக இரண்டு குரல்கள், இரண்டும் ஒன்றாகவே முந்தின, கூட்டம் அரை வரி பின்னால் அவற்றைத் தொடர்ந்து வந்தது.

ரோலண்ட் டிவோட்டா கீழே குனிந்து பார்த்தார். அன்றைக்குத் தொப்பி வைத்த பையனைப் பார்த்த அதே இடத்தில், மாதாமாதம் தன் கழுத்துக்குத் துணி தைத்துக் கொண்டுவருகிற பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவர் கைத்தடியைத் தூக்கி, அவளுக்குக் கேட்க வேண்டுமென்று பாட்டு மூச்சுவிடுகிற இடம் வரை காத்திருந்து, பலகையில் ஒரே ஒரு முறை தட்டினார்.